மீன்கண் லென்சு: வளைந்த கோடுகள் சொல்லும் பாடம்

வாசற்கதவில் பதித்திருக்கும் சிறிய கண்ணாடித் துளை வழியே வெளியே பார்த்திருப்பீர்கள். வந்து நிற்பவரின் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் தெரியும். பக்கத்துச் சுவர்கள் வில்லாக வளைந்திருக்கும். ஆனால் அந்தச் சிறு துளைக்குள் தெருவின் இரண்டு கோடிகளும் அடங்கிவிடும். இதே வேலையைப் பெரிய அளவில், தெளிவாகச் செய்யும் கேமரா லென்சுக்கு மீன்கண் லென்சு என்று பெயர்.

நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். விடுமுறை நாள்களில் புகைப்படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. 10 மி.மீ. குவியத் தொலைவுள்ள மீன்கண் லென்சு ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கிச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை ஏறத்தாழ 180° காட்சியை அது ஒரே படத்தில் தந்துவிடும். வேடிக்கைக்காக வாங்கியதுதான். ஆனால் ஒளியியல், முக்கோணவியல், நிலவரைபடம் என்று பல பாடங்களுக்கு அது கைகொடுத்திருக்கிறது. எல்லாவற்றையும்விட, கைப்பேசியில் நாள்தோறும் நூறு படங்களைப் பார்க்கும் நம் மாணவர்களுக்கு ஒரு படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க அது உதவுகிறது. அந்த அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

மீனுக்கு வானம் எப்படித் தெரியும்?

குளத்தின் அடியிலிருந்து மேலே பார்க்கும் ஒரு மீனை நினைத்துக்கொள்ளுங்கள். நீருக்கு மேலே உள்ள உலகம் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை 180° விரிந்து கிடக்கிறது. காற்றிலிருந்து நீருக்குள் நுழையும் ஒளிக்கதிர் செங்குத்துக் கோட்டை நோக்கி விலகுகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. ஆகவே நீர்ப்பரப்பை ஒட்டிக் கிட்டத்தட்ட 90° சாய்வில் வரும் கதிர்கூட, நீருக்குள் வந்த பிறகு செங்குத்துக் கோட்டிலிருந்து 48.6°-க்கு மேல் சாய்ந்திருக்க முடியாது. மாறுநிலைக் கோணம் என்று நாம் நடத்துவது இதைத்தான். பாடத்தில் ஒளி நீரிலிருந்து வெளியே போகிறது, இங்கே உள்ளே வருகிறது. பாதை ஒன்றுதான்.

இதன் விளைவாக முழு வானமும், கரையில் நிற்கும் மரங்களும், தூண்டில் போடுபவரும் மீனின் தலைக்கு மேலே ஏறத்தாழ 97° அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரிவார்கள். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியைப் போலக் குளத்தின் உட்புறத்தையே எதிரொளிக்கும். அது முழு அக எதிரொளிப்பு. தூண்டில்காரர் கரையோரமாகக் குனிந்து வந்தாலும் மீன் விலகி ஓடுவதற்கு இந்த அகன்ற பார்வையும் ஒரு காரணம் என்று சொன்னால், ஆற்றோரக் கிராமத்துப் பிள்ளைகள் உடனே தலையாட்டுவார்கள்.

அமெரிக்க இயற்பியலாளர் இராபர்ட் உட் 1906-இல் இந்தக் காட்சியைப் படமாகவே எடுத்தார். நீர் நிரப்பிய கலத்துக்குள் ஒளிப்படத் தகட்டை வைத்து, நீருக்குள் இருந்து பார்த்தால் உலகம் எப்படித் தெரியும் என்று காட்டினார். ‘மீன்கண்’ என்ற பெயர் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. நீர் நிரப்பிய கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாதல்லவா? 1922-இல் பாண்ட் என்பவர் நீருக்குப் பதிலாக அரைக்கோள வடிவக் கண்ணாடியைப் பயன்படுத்தினார். 1924-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ராபின் ஹில், முன்புறம் ஒரு விரிக்கும் லென்சைச் சேர்த்து, முழு வானத்தையும் ஒரே படத்தில் எடுக்கும் கேமராவை வடிவமைத்தார். மேகங்களைப் படமெடுப்பதற்காக உருவானது அது.

இந்த ராபின் ஹில் யார் தெரியுமா? மேல்நிலை வகுப்புத் தாவரவியலில் ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் வரும் ‘ஹில் வினை’க்குச் சொந்தக்காரர் அவரேதான். பிரித்தெடுத்த பசுங்கணிகங்கள் ஒளியில் ஆக்சிஜனை வெளியிடுவதை 1937-இல் காட்டியவர். தாவரவியல் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்ல ஒரு நல்ல செய்தி இது.

கோடுகள் ஏன் வளைகின்றன?

மாணவர்கள் மீன்கண் படத்தைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, “டீச்சர், கண்ணாடி கோணலா இருக்கா?” என்பதுதான். கண்ணாடியில் கோளாறு இல்லை. விடை பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் இருக்கிறது.

சாதாரண லென்சு நேர்க்கோட்டை நேர்க்கோடாகவே காட்டும். அதற்கு அது பின்பற்றும் கணக்கு இது: படத்தின் மையத்திலிருந்து ஒரு புள்ளி விழும் தொலைவு = குவியத் தொலைவு × டேன் (அப்புள்ளி இருக்கும் கோணம்). குவியத் தொலைவு 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நேர் எதிரிலிருந்து 30° விலகியுள்ள பொருள் மையத்திலிருந்து 5.8 மி.மீ. தள்ளி விழும். 45° என்றால் 10 மி.மீ., 60° என்றால் 17.3 மி.மீ., 80° என்றால் 56.7 மி.மீ. 90°-க்கு டேன் மதிப்பு வரையறுக்கப்படவில்லை என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறோமே, அதன் பொருள் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. 180° காட்சியை நேர்க்கோடுகள் கெடாமல் எடுக்க வேண்டுமானால் முடிவில்லாத அகலமுள்ள தாள் வேண்டும்!

மீன்கண் லென்சு வேறு கணக்கைப் பின்பற்றுகிறது. அதன் எளிய வகையில், மையத்திலிருந்து உள்ள தொலைவு கோணத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதே 10 மி.மீ. லென்சில் 30° என்றால் 5.2 மி.மீ., 60° என்றால் 10.5 மி.மீ., 80° என்றால் 14 மி.மீ., 90° என்றால் 15.7 மி.மீ. எல்லாம் ஒரு சிறிய வட்டத்துக்குள் அடங்கிவிட்டன. இதற்குக் கொடுத்த விலைதான் வளைந்த கோடுகள். மையத்தின் வழியாகச் செல்லும் கோடுகள் மட்டும் நேராகவே இருக்கும். மற்றவை எல்லாம் வெளிப்புறமாகப் புடைக்கும்.

மீன்கண் லென்சுகளில் இன்னொரு வகை பரப்பைக் காக்கும். வானத்தின் எந்தப் பகுதியிலும் சம அளவுள்ள துண்டுகள் படத்தில் சம பரப்புடன் விழும். என்னிடம் இருப்பது ஏறத்தாழ இந்த வகை. ஒன்று நேர்க்கோட்டைக் காக்கிறது, ஒன்று கோணத்தைக் காக்கிறது, ஒன்று பரப்பைக் காக்கிறது. எல்லாவற்றையும் ஒருசேரக் காக்கும் லென்சை யாராலும் செய்ய முடியாது. வளைந்த உலகத்தைத் தட்டையான தாளில் வைக்கும்போது எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

களத்தில் கற்றவை

மீன்கண் லென்சோடு வெளியே போனால் முதலில் பழக வேண்டியது நெருங்கிப் போவதற்கு. தூரத்தில் நிற்கும் கோபுரம் படத்தில் தீக்குச்சி அளவுக்குச் சிறுத்துவிடும். எதை எடுக்கிறோமோ அதன் அருகில், கைக்கு எட்டும் தூரம்வரை போக வேண்டும். குவியத் தொலைவு மிகக் குறைவு என்பதால் தெளிவைப் பற்றிக் கவலை இல்லை. துளையை எஃப்/8 அளவில் வைத்து, குவியத்தை முக்கால் மீட்டரில் நிறுத்திவிட்டால், சுமார் 35 செ.மீ. தொலைவிலுள்ள செம்பருத்திப் பூவிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக விழும்.

அடுத்து, வேண்டாதவை எல்லாம் படத்துக்குள் நுழைந்துவிடும். நம் கால்விரல், முக்காலியின் கால், தோளில் தொங்கும் பை, தரையில் விழும் நம் நிழல் எதுவும் தப்பாது. பெரும்பாலும் சூரியனும் படத்துக்குள் வந்துவிடும். கேமராவின் பார்வைத் துளை வழியே சூரியனை நேரடியாகப் பார்க்கக் கூடாது என்பதை மாணவர்களிடம் கேமராவைக் கொடுக்கும் முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். லென்சின் முன்கண்ணாடி குமிழ் போலப் புடைத்திருப்பதால் அதன்மேல் பாதுகாப்புக் கண்ணாடி மாட்ட முடியாது. விரல் ரேகை பட்டால் படத்தில் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது, தனுஷ்கோடிக் கடற்கரையில் தொடுவானத்தை வைத்துச் செய்த பயிற்சி. தொடுவானம் படத்தின் நடுவே வருமாறு பிடித்தால் அது அடிமட்டம் வைத்துப் போட்ட கோடு போல நேராக இருக்கும். கேமராவைச் சற்றுத் தரையை நோக்கிச் சாய்த்தால் தொடுவானம் குன்றுபோல மேலே புடைக்கும். வானத்தை நோக்கி உயர்த்தினால் அதே தொடுவானம் கிண்ணத்தின் அடிபோலக் கீழே தொய்யும். கடல் ஒன்றே, நிற்கும் இடமும் ஒன்றே. மாறியது சாய்வு மட்டும்.

இந்த மூன்று படங்களையும் வகுப்பில் காட்டிய பிறகு, பலூனில் கேமரா கட்டி அனுப்பி எடுத்த காணொளிகளைப் பற்றி மாணவர்களோடு பேச முடிந்தது. பூமி உருண்டைதான். அதற்கு வேறு வலுவான சான்றுகள் உண்டு. ஆனால் அகன்ற கோண லென்சில் எடுத்த காணொளியில் தெரியும் வளைவு முழுவதும் பூமியின் வளைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடுவானம் படத்தின் நடுவைக் கடக்கும் அந்த நொடியில் அது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சரியான முடிவுக்குக்கூடத் தவறான சான்றைக் காட்டக் கூடாது என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எளிதாகப் புரிந்துகொண்டார்கள்.

நிமிர்ந்து பார்ப்பதற்கும் மீன்கண் லென்சு சிறந்தது. மதுரை திருமலை நாயக்கர் மகாலின் குவிமாடத்துக்கு நேர் கீழே கேமராவை மேல்நோக்கி வைத்தால், குவிமாடம் நடுவில் பூப்போல மலர, சுற்றியுள்ள தூண்களும் வளைவுகளும் இதழ்களாக விரியும். தூண்கள் மையத்தை நோக்கியே செல்வதால் அவை வளைவதில்லை. முன்பு சொன்ன கணக்கை இங்கே கண்ணால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பள்ளி வேப்பமரத்தின் அடியிலும் இப்படிச் செய்தோம். இலை உதிரும் காலத்தில் ஒரு படம், துளிர்த்துத் தழைத்த பிறகு அதே இடத்திலிருந்து ஒரு படம். இரண்டையும் அச்செடுத்து, மேலே கட்டம் போட்ட ஒளிபுகும் தாளை வைத்து, வானம் தெரியும் கட்டங்களை மாணவர்கள் எண்ணினார்கள். காடுகளை ஆய்வு செய்பவர்களும் இதே முறையில்தான் மர விதானத்தின் அடர்த்தியையும் தரைக்கு வந்து சேரும் ஒளியையும் மதிப்பிடுகிறார்கள். கட்டங்களை எண்ணி வானத்தின் பங்கைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், என் லென்சு பரப்பைக் காக்கும் வகை என்பதே. அதே மரத்தைச் சாதாரண அகன்ற கோண லென்சில் எடுத்து எண்ணியிருந்தால் ஓரத்துக் கட்டங்கள் கணக்கைக் கெடுத்திருக்கும்.

இந்த வகை லென்சுகளின் வளர்ச்சியும் சுவையானது. கேமராவில் கழற்றி மாட்டக்கூடிய 8 மி.மீ. மீன்கண் லென்சை நிக்கான் நிறுவனம் 1962-இல் வெளியிட்டது. பிறகு அதே நிறுவனம் செய்த 6 மி.மீ. லென்சு 220° வரை பார்க்கும். அதாவது தனக்குப் பின்னாலும் சற்றுப் பார்க்கும்! எடை 5 கிலோவுக்கும் மேல். இன்று கட்டைவிரல் அளவுள்ள மீன்கண் லென்சுகள் கூரையில் மாட்டும் சிசிடிவி கேமராக்களிலும், காரைச் சுற்றிலும் காட்டும் கேமராக்களிலும் இருக்கின்றன.

ஓரத்தில் நிற்கும் பிள்ளை

இனி, நம் எல்லோருக்கும் தொடர்புள்ள ஒன்றைச் சொல்கிறேன். ஒரு முறை வகுப்புக் குழுப் படம் எடுத்தபோது இடம் போதவில்லை. உடனிருந்த ஒருவர் கைப்பேசியில் 0.5 என்று இருக்கும் அகன்ற கோணத்துக்கு மாற்றி எடுத்தார். எல்லோரும் படத்தில் வந்துவிட்டார்கள். படத்தைப் பார்த்த ஒரு மாணவி மட்டும் பேசாமல் இருந்தாள். வரிசையின் கடைசியில் நின்றவள். “நான் இவ்ளோ குண்டா இருக்கேனா டீச்சர்?” என்று பிறகு மெதுவாகக் கேட்டாள். அவளுக்குப் படத்தின் பிரதியே வேண்டாமாம்.

அவள் அப்படி இல்லை. கைப்பேசியின் அகன்ற கோணக் கேமரா நேர்க்கோடுகளைக் காக்கும் வகை. சுவரும் கதவும் வளையாமல் இருக்க, அது ஓரங்களை வெளிப்புறமாக இழுக்கிறது. நேர் எதிரிலிருந்து 45° தள்ளி நிற்பவரின் தலை ஓரத்தை நோக்கி ஏறத்தாழ 1.4 மடங்கு நீண்டு விழும். மீன்கண் லென்சில் எடுத்திருந்தால் சுவர் வளைந்திருக்கும், அவள் முகம் இந்த அளவுக்கு அகன்றிருக்காது. கட்டடத்தின் வடிவத்தைக் காப்பாற்றியதற்கான விலையை வரிசையின் ஓரத்தில் நின்ற பிள்ளை கொடுத்திருக்கிறாள்.

அவளுக்கு அதை வாயால் விளக்கவில்லை. ஒரு கைப்பந்தைக் கொடுத்து, அதே 0.5 அமைப்பில் படத்தின் நடுவிலும் ஓரத்திலும் வைத்து இரண்டு படம் எடுக்கச் சொன்னேன். அளவுகோலால் திரையில் பந்தின் அகலத்தையும் உயரத்தையும் அவளே அளந்தாள். நடுவில் உருண்டை, ஓரத்தில் முட்டை. “பந்துக்கே இந்தக் கதியா!” என்று சிரித்துவிட்டாள். மறுநாள் படத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

தன் முகத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்தே எடைபோட்டுக்கொள்ளும் வயதுப் பிள்ளைகள் நம்மிடம் படிக்கிறார்கள். கை நீட்டும் தூரத்தில் எடுக்கும் தற்படத்தில் மூக்கு பெரிதாகத் தெரிவதும் இதுபோல லென்சுக்கு மிக அருகில் இருப்பதால் வருவதே. இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய இடம் ஒளியியல் பாடம்தான் என்று நினைக்கிறேன்.

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மெர்கேட்டர் முறையில் வரைந்த உலகப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு இணையாகத் தெரிகிறது. உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல 14 மடங்கு பெரியது. கடல் வழிக்குத் தேவையான திசையைக் காப்பதற்காக அந்தப் படம் பரப்பை விட்டுக்கொடுத்தது. ஐ.நா. சபையின் சின்னத்தில் உள்ள உலகப் படம் வட துருவத்தை மையமாகக் கொண்டு, மையத்திலிருந்து உள்ள தொலைவைக் காக்கிறது. மீன்கண் லென்சின் எளிய கணக்கும் அதன் கணக்கும் ஒன்றே. அங்கே ஓரத்துக்குப் போன தென் நாடுகள் அகலவாக்கில் நீண்டுவிட்டன.

வகுப்பறையில் செய்து பார்க்க

மீன்கண் லென்சு விலை அதிகம். ஆனால் இந்தப் பாடத்துக்கு அது கட்டாயம் இல்லை.

1. தொடக்க வகுப்புகள்: துலக்கிய எவர்சில்வர் சொம்பில் வகுப்பறை எப்படித் தெரிகிறது என்று பார்த்து வரையச் சொல்லலாம். இது எதிரொளிப்பு, லென்சு அல்ல. ஆனாலும் அகன்ற காட்சி சிறிய பரப்பில் அடங்கும்போது கோடுகள் வளையும் என்பது புரிந்துவிடும். பிள்ளைகள் சன்னலை வளைத்து வரைந்தால் அடிமட்டம் கொண்டு திருத்த வேண்டாம்.

2. நடுநிலை வகுப்புகள்: பழைய ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டி, அதன்மேல் கட்டங்கள் வரைந்து, மேசைமேல் தட்டையாக அழுத்தச் சொல்லுங்கள். கிழியாமல், மடியாமல், நீளாமல் அது தட்டையாகாது. உலக உருண்டையையும் உலகப் படத்தையும் அருகருகே வைத்துப் பேச இது நல்ல தொடக்கம்.

3. உயர்நிலை வகுப்புகள்: ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கதவுத் துளைக் கண்ணாடியைக் கைப்பேசிக் கேமராவின் மேல் பொருத்திப் பிடித்தால் வட்ட வடிவ மீன்கண் படம் கிடைக்கும். தரை ஓடுகளைப் படமெடுத்து, எந்தக் கோடுகள் நேராக இருக்கின்றன, எவை வளைகின்றன என்று பட்டியலிடலாம். மையத்தின் வழியே செல்பவை மட்டுமே நேராக இருப்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

4. பத்தாம் வகுப்பு: 10°, 20° என்று 80° வரை டேன் மதிப்பையும் நேர்விகித மதிப்பையும் கணக்கிட்டு ஒரே வரைபடத்தாளில் இரண்டு கோடுகளாக வரையச் சொல்லலாம். முதலில் ஒட்டிச் செல்லும் இரண்டும் 45°-க்குப் பிறகு வெகுவாக விலகிச் செல்வதைக் காண்பார்கள்.

செயல்பாடு முடிந்ததும் ஒவ்வொரு படத்துக்கும் மூன்று கேள்விகள் கேட்டுப் பழக்குகிறேன். எங்கே நின்று எடுத்தது? எவ்வளவு அகலமான காட்சி இது? எதைக் காப்பதற்காக எதை விட்டுக்கொடுத்திருக்கிறது? செய்தித்தாள் படம், விளம்பரப் படம், உலகப் படம், நண்பர் அனுப்பிய காணொளி என எதற்கும் இக்கேள்விகள் பொருந்தும்.

இந்த ஆண்டு உங்கள் வகுப்பில் குழுப் படம் எடுக்கும்போது ஒன்றைச் செய்து பாருங்கள். அகன்ற கோணத்துக்கு மாற்றாமல் நாலு அடி பின்னால் போய் எடுங்கள். இடமில்லை என்றால் வரிசையை அரைவட்டமாக நிறுத்துங்கள். கடைசியில் நிற்கும் பிள்ளையின் முகமும் நடுவில் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் போலவே இயல்பாக விழும்.